நான்காவது கை

அக்காவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த ஞானதீபத்தின் முன்னால் அண்ணன் கிருபாநிதி ஒரு தாளை நீட்டினார்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடுளா. சேர்மன் ஆள் வாசல்ல நிக்கான். உங்க உப்புக் கம்பெனி ஷேரை வாங்கிக்கிடுதாராம்.”

“எழவு வீட்டுலயா?”

“ரெண்டு மணிக்கு மீட்டிங் இருக்குல்லா. அதுக்கு முன்ன வேணுமாம். நல்ல விலை தாரேங்காரு.”

அவள் முடிச்சை இறுக்கினாள். அடக்கம் ஐந்து மணிக்கு.

மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த அக்கா கிளாடிஸ் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் வாங்கிய பங்குகள் அவை. கொழும்பில் குண்டு விழுந்த சேதி கேட்டு ஊரில் பாதிப்பேர் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடிய வாரம். கிடைத்த விலைக்கு எல்லோரும் பங்குகளைத் தள்ளிவிட்டார்கள். இவள் வாங்கினாள். கிருபாநிதி கத்தினார்.

“வெலைதானண்ணே எறங்கியிருக்கு? உப்பளம் அங்கனதான கெடக்கு?” என்றாள் கிளாடிஸ்.

சேமிப்பில் பாதியைத்தான் போட்டாள். மீதி தபாலாபீஸில் இருந்தது. பத்திரத்தில் தங்கையின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னாள்.

நான்கு வருடங்கள் கழித்து, இப்போது கம்பெனி சேர்மன் அந்த உப்பளத்தைத் தன் மச்சினனுக்கே அடிமாட்டு விலைக்கு விற்கப் பார்த்தார். அதற்குக் கூட்டத்துக்கு வந்தவர்களில் நாலில் மூன்று பங்குப் பேராவது கை தூக்க வேண்டும். கிளாடிஸ் காய்ச்சலோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். எதிர்க்கத் துணிந்தவர்கள் மூன்று பேர், அவளோடு நான்கு. காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, இன்று விடியற்காலையில் அவள் போய்விட்டாள்.

ஞானதீபம் பெட்டியிலிருந்து பங்குப் பத்திரத்தை எடுத்தாள். அண்ணன் தந்த தாளை மடித்து அவர் கையிலேயே வைத்தாள்.

“ஏளா, பொணத்தைப் போட்டுட்டு எங்க போற? ஊரு என்ன சொல்லும்?”

“அக்கா போவ வேண்டிய எடம். சொல்லுதவன் சொல்லட்டும்.”

கம்பெனி மாடியில் பதினான்கு பங்குதாரர்கள் இருந்தார்கள், எல்லோரும் ஆண்கள்.

“நீங்க இன்னைக்கு வீட்டுலல்லா இருக்கணும்?” என்றார் சேர்மன். “பங்கு டீச்சர் பேருல இருக்கு. அவங்கதான் தவறிட்டாங்களே.”

“ரெண்டு பேரு இருக்கு. ஒருத்தி போனா மத்தவளுக்கு. நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்ததுதான், வாசிங்க.”

குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். ஞானதீபம் உட்கார்ந்தாள்.

விற்கச் சம்மதம் என்று பதினோரு கைகள் உயர்ந்தன. மறுப்பவர்கள் என்றபோது யாரும் அசையவில்லை. ஞானதீபம் கையைத் தூக்கினாள். அக்காவைக் குளிப்பாட்டிய சோப்பு வாசம் இன்னும் அதில் இருந்தது. அதன் பிறகுதான் மற்ற மூன்று கைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன.

“பதினஞ்சுல பதினொண்ணு. ஒரு ஆள் குறையுது, ஐயா,” என்றார் குமாஸ்தா.

சேர்மன் அவளைப் பார்த்தார். “அடுத்த மாசம் திரும்பக் கொண்டாருவோம்.”

“கொண்டாருங்க. நானும் வாரேன்.”

அவள் கீழே இறங்கியபோது துறைமுகத்துக்குப் போகும் கம்பெனி உப்பு வண்டிகள் தெருவை அடைத்து நின்றன. தேவாலயத்தில் அக்காவுக்கான துக்க மணி ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கியது. வெள்ளைச் சேலையைக் கண்ட வண்டிக்காரர் ஒருவர் மாட்டை இழுத்துப் பிடித்தார்.

“கடந்து போங்கம்மா.”

“வேண்டாம், அண்ணாச்சி. லோடு போவட்டும்.”

கடைசி வண்டி போகும்வரை அவள் வெயிலில் நின்றாள்.