இல்லாத சித்தப்பா

இராணுவத்திலிருந்து துப்பு விசாரிக்க வந்தவர்களை உட்கார வைத்து, மைலோ கலக்கிக் கொடுத்து, வாய் கூசாமல் பொய் சொல்லி அனுப்பிய ஊர் உலகத்திலேயே எங்கள் சிலிபின் ஒன்றாகத்தான் இருக்கும். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபத்தொன்பதாம் வருடம். பயிற்சி முடிந்து ஈப்போ முகாமுக்கு வந்த புதுச் சிப்பாய் நான். ஸ்டோரில் பூட்ஸ் அடுக்குவதுதான் வேலை. காய்கறி இறக்க வரும் சீனனிடம் காண்டனீசிலும் சமையல்காரரிடம் மலாயிலும் நான் வாயடிப்பதை சார்ஜன் மத்தியாஸ் கவனித்திருக்கிறார். ஒருநாள் கூப்பிட்டார்.

"உடையப்பா, உளவுப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறாங்க. நம்மாளு ஒருத்தனும் இல்ல லா. எழுதிப் போடு. ஆனா விண்ணப்பப் பொராங்குல எதையும் மறைக்காதே. மறைச்சேன்னு தெரிஞ்சா அதோட சரி."

அந்த வேலை மீது எனக்கு வெறியே பிடித்துவிட்டது. பத்துப் பேர் பேசும் இடத்தில் எது உண்மை, எது புளுகு என்று எனக்குச் சட்டென்று தெரியும். அந்தத் திறமையை வைத்துக்கொண்டு பூட்ஸுக்கு நடுவில் கிழவனாகச் சொல்கிறீர்களா?

பொராங் பன்னிரண்டு பக்கம். உறவினர் யாராவது கைதானதுண்டா என்று ஒரு கேள்வி. பேனா நின்றது. ஆனாலும் எழுதினேன். சீனி, இறந்துபோன என் அப்பாவின் தம்பி. ஐம்பத்தொன்றில், ரப்பர் பால்வாளிக்குள் அரிசி வைத்துக் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுத்தார் என்று, முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்ட வந்த ஒருவன் அவரைப் பார்த்துத் தலையாட்டினான். மூன்று வருடம் தடுப்பு முகாம். இப்போது எங்களோடுதான் இருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து கேப்டன் என்னைக் கூப்பிட்டார். மலாய்க்காரர், சத்தம் போடாதவர். கையில் ஒரு தாள்.

"உன் வீட்டில் சீனி என்று யாருமே இல்லையாம். உன் அம்மா சொல்கிறார். பக்கத்து வீட்டு நல்லம்மாள் சொல்கிறார். மூலைக்கடைக்காரரும் சொல்கிறார். இருக்கிற ஆளை மறைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இல்லாத ஆளை எழுதிக் கொடுத்தவன் நீதான்."

"இருக்கிறார் ஐயா, எங்கள் வீட்டில்தான்" என்றேன்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு அவரை அழைத்து வா. அவர் வாயால் சொல்லட்டும். இல்லாவிட்டால் உன் ஃபைலை மூடிவிடுவேன்" என்றார் கேப்டன்.

அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். போன வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சித்தப்பாவ இல்லேன்னு யாரும்மா சொல்லச் சொன்னது?"

அம்மா கருப்பம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "ஏன்டா கத்துறே? வெள்ளைச் சட்ட போட்ட தமிழாளு ஒருத்தரு, கூட ஒரு மலாய்க்காரரு. பையன் எப்படி, குடிப்பானா, கூட்டாளிங்க யாரு, சொந்தக்காரங்க யாருன்னு கேட்டாங்க. ஒனக்குப் பொண்ணு குடுக்கத்தான் விசாரிக்கிறாங்கன்னு நெனச்சிட்டோம். பொண்ணு என்னா படிச்சிருக்குன்னுகூடக் கேட்டேன். அந்தாளு சிரிச்சாரு."

சிரிக்காமல் என்ன செய்வான்! வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி துண்டு போட்டு விற்றுவிட, நாங்கள் சிலிபினுக்கு வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். யாராவது சம்பந்தம் பேச வந்தால் சித்தப்பா பின்பக்கமாகப் போய்விட வேண்டும். உள்ளே போய் வந்தவன் இருக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? என் அக்காமார் மூன்று பேருக்கும் அப்படித்தான் கல்யாணம் நடந்தது. எங்கள் வரிசையில் இருந்த அத்தனை வீட்டுக்கும் இது மனப்பாடம், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு அவர் உள்ளே வந்து ஆறிப்போன காப்பியைக் குடிப்பார். அன்றைக்கும் கோழிக்கூட்டுப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அறிவிருக்கா ஒங்களுக்கெல்லாம்? என் பொழப்புல மண்ணப் போட்டீங்களே!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். "சனிக்கிழம அவரு என்கூட வரணும்."

"சனிக்கிழமையா? சாயங்காலம் நவமணியப் பாக்கத் தைப்பிங்லேருந்து வாராங்கடா" என்றாள் அம்மா. கடைசித் தங்கைக்கு நல்ல இடம். "கூட்டிட்டுப் போறதா இருந்தா யாரு கண்ணுலயும் படாமக் கூட்டிட்டுப் போ."

கதவோரம் நின்ற சித்தப்பா என்னையே பார்த்தார். "என் பேர எழுதிக் குடுத்தியாடா?" என்று கேட்டார்.

"ஆமா."

"வாரேன்" என்றார்.

சனிக்கிழமை அவரைப் பார்த்து நானே அசந்துபோனேன். வெள்ளைச் சட்டை, விறைப்பாக இஸ்திரி போட்டது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, எதிரில் இருந்தவர்களிடமெல்லாம் "அண்ணன் மகன், ஆர்மியில இருக்கான்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் காதோரம் குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

"சித்தப்பா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. என் அண்ணன் மகன்தான்னு சொன்னாப் போதும். முடிஞ்சதும் நேரா வீட்டுக்குப் போயி, பின்வாசல் வழியா உள்ள போயிருங்க. தைப்பிங்காரங்க போற வரைக்கும் வெளிய வராதீங்க."

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை.

கேப்டன் அவரை மரியாதையாக உட்கார வைத்தார். அவருடைய அடையாள அட்டையை, ஐசியை, வாங்கிப் பார்த்தார். "இந்தச் சிப்பாய் உங்கள் அண்ணன் மகனா?"

சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தாக் கெனால், துவான்" என்று மலாயில் மரியாதையாகச் சொன்னார். தெரியாதாம்! என்னைத் தெரியாதாம்!

"உங்கள் அப்பா பெயர் பத்துமலை. இவனுடைய தாத்தா பெயரும் பத்துமலை" என்றார் கேப்டன்.

"பேராக் மாநிலத்தில் எத்தனையோ பத்துமலை இருக்கிறார்கள், துவான். எனக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை."

கேப்டன் என்னைத் திட்டக்கூட இல்லை. ஃபைலை மூடி ஓரமாக வைத்தார். "போகலாம்" என்றார்.

முகாம் வாசலில் அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். வயதில் பெரியவர் என்பதெல்லாம் எனக்கு அப்போது ஞாபகம் இல்லை. "என் வாழ்க்கையவே கெடுத்துட்டீங்களே! நீங்களெல்லாம் ஒரு மனுசனா?"

"நான்தான் இல்லியேடா!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. காவலுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இல்லாதவன் எப்படிடா கெடுப்பான்? மூணு கல்யாணம் நடந்திச்சு ஒங்க வீட்டுல. ஒண்ணுலயாவது என்னை உக்கார வச்சீங்களா? நீ ஒருத்தன்தான் என் பேர எழுதுனே. எழுதிட்டானேன்னு, விடியறதுக்கு முன்ன எழுந்து சட்டைய தேச்சுப் போட்டுக்கிட்டு வந்தேன்டா. பஸ்ஸுல வச்சு நீயும் பின்வாசல்ல போங்கன்னுட்டே."

என் கை தானாக விட்டது. அவர் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டு சாலையைத் தாண்டினார். சிலிபின் பஸ் வந்தது. அதில் ஏறவில்லை. பின்னால் வந்த, தூரத்துக் கடலோரம் போகும் லூமுட் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டார்.

"சித்தப்பா! சித்தப்பா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஊரார் முன்னால் அவரை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.