லாசரஸின் மூன்றாவது கடிதம்

1973 டிசம்பரில், சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்தில் குடியேறிவிட்ட தம்பி லாசரஸின் மூன்றாவது கடிதத்தைத் தபீதாள் எழுத்தறியாத தாய்க்கு வாசித்தாள். மூன்று மணிக்கே இருட்டுகிறது, டிராமில் வேலைக்குப் போகிறேன் என்பதையெல்லாம் வாசித்தாள். 'அம்மாவுக்கு அறை தயார், உடனே பாஸ்போர்ட் எடு' என்ற வரியை இந்த முறையும் விழுங்கிவிட்டாள். அம்மா போய்விட்டால், தான் தாம்பரத்தில் பாடம் நடத்தப் போகும்போது தன் கைக்குழந்தையை யார் பார்ப்பது?

"என்னைக் கூப்பிடலியாடி?"

"அந்தக் குளிர் உனக்கு ஆகாதாம்மா."

"ஆமா, அவனை மட்டும் ஐஸ் பெட்டியிலயா பெத்தேன்!"

சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அம்மா முழங்காலிட்டு அழுதாள். "ஆண்டவரே, பெத்தவளை மறந்துட்ட எம்புள்ளையை மன்னிச்சிடும்." ஆமென் சொல்லாமல் இருந்த மகளை முழங்கையால் இடித்தாள்.

தபீதாள் ஆமென் சொன்னாள்.