குண்டூசிக்கு வேண்டியது ஐந்தாம் வரி

என் அக்கா மகளை எல்லோரும் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் அந்த அளவுதான், குத்துவதும் அப்படித்தான். சனிக்கிழமை நூலகத்திலிருந்து வந்தவள் நேரே என் தையல் கடைக்குள் நுழைந்து, வெட்டுமேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா, நீளமாக்கிக் குடு."

"எதை, கவுனையா?"

"என்னை!"

விஷயம் இதுதான். நூலகத்து டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கவிதை வகைகளைச் சொல்லிக் கொடுக்கிறார். இந்த மாதம் லிமரிக். இங்கிலாந்துப் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் ஐந்து வரிப் பாட்டு. முதல், இரண்டாம், ஐந்தாம் வரிகள் நீளம். அந்த மூன்றும் ஒரே ஓசையில் முடிய வேண்டும். நடுவில் இரண்டு வரிகள் குட்டை. அவற்றுக்குத் தனி ஓசை. வாயால் சொன்னால் ஆறு வயதுக்கு ஏறாது என்று டீச்சர் பிள்ளைகளையே வரிகளாக நிறுத்திவிட்டார். நெட்டையானவர்கள் நீள வரி, குள்ளமானவர்கள் குட்டை வரி. பாட்டையும் தமிழில் அவரே கட்டியிருந்தார்:

சலூனுக்குச் சிங்கம் முடிவெட்ட வந்தது;
நாற்காலி அதன் கனத்தில் நொந்தது;
"குனிங்க சார்" என்றார்;
கிட்டேபோய் நின்றார்;
கடைக்காரர் செருப்பு மட்டுமே கிடந்தது!

குண்டூசிக்கு மூன்றாம் வரி. ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிடும். மாதக் கடைசியில் பெற்றோர் முன்னால் நடக்கும் நிகழ்ச்சியில் சபை சிரிக்கப்போவது ஐந்தாம் வரிக்கு. அது ஏணி என்கிற நெட்டைப் பையனுக்குப் போய்விட்டது. அவனோ செருப்பு என்று வாயெடுத்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் புரள்கிறவன். ஒத்திகையில் ஒரு தடவைகூட அந்த வரியை முடித்ததில்லை.

"டீச்சர்கிட்ட கேட்டுப் பார்த்தியா?"

"கேட்டேன். 'நீ குட்டை வரிடா கண்ணு, நீ இல்லன்னா பாட்டு நொண்டும்'னாங்க."

"நியாயந்தானே?"

"உன் நியாயம் யாருக்கு வேணும்? துணி இருக்கா, இல்லையா?"

இருந்தது. யாரோ வாங்காமல் விட்டுப்போன திரைச்சீலைத் துணி. முக்காலியின் மேல் அவளை நிறுத்தி, கழுத்திலிருந்து தரை வரை அளந்து, ஓர் அங்கி தைத்தேன். முக்காலி வெளியே தெரியவில்லை. அவளைப் பார்க்க நானே அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

நிகழ்ச்சி நாளன்று மேடையில் முக்காலியின் மேல் அங்கியோடு நின்றவளைக் கண்டு டீச்சர் திகைத்துப்போனார்.

"யாரும்மா நீ?"

"நான்தான் டீச்சர். வளர்ந்துட்டேன்."

"அதுக்குள்ளயா?"

"எங்க மாமா தைச்சாரு."

அக்கா திரும்பி என்னை முறைத்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"வளர்ந்தாலும் நீ மூணாவது வரிதான். பேசாம நில்லு" என்றார் டீச்சர். குண்டூசியின் உதடு பிதுங்கியது.

முதல் வரி வந்தது. இரண்டாம் வரியும் ஒழுங்காக முடிந்தது. "குனிங்க சார் என்றார்" என்று குண்டூசி நன்றாகவே குனிந்து காட்டினாள். முக்காலி ஆடியது. "கிட்டேபோய் நின்றார்" என்ற நான்காம் வரிக்காரி, சொன்னபடியே கிட்டே போய் அங்கியின் ஓரத்தை மிதித்தாள்.

பொத்தென்று ஒரு சத்தம். குண்டூசியைக் காணோம். தரையில் திரைச்சீலைக் குவியல். முக்காலியின் மேல் ஒரு ஜோடி குட்டிச் செருப்பு.

ஏணி அதைப் பார்த்தான். "கடைக்காரர் செ..." என்றவன் அப்படியே சரிந்து உருள ஆரம்பித்தான். அக்கா பதறி எழுந்தாள்.

குவியலுக்குள்ளிருந்து குரல் மட்டும் கணீரென்று வந்தது:

"கடைக்காரர் செருப்பு மட்டுமே கிடந்தது!"

அப்புறம் எழுந்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அஞ்சாவது வரி இனிமே உனக்குத்தான்டா. ஆனா விழுந்துதான் சொல்லணும்" என்றார். துணிக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்து, பெரிய மனுஷியாட்டம் சம்மதித்தது.

மறுநாள் கடையைத் திறந்ததும் வாசலில் ஏணி நின்றான்.

"அங்கிள், என்னைக் குட்டையாக்கிக் குடுப்பீங்களா? மூணாவது வரி காலியா இருக்காம். அதுல செருப்பே இல்ல."

அளவு நாடாவை எடுத்தேன்.