மடைக்காவலுக்கு ஆள்

1993ஆம் வருடம் புரட்டாசியில், திருச்சுழிக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் மழைக்கால ஏற்பாடு பற்றிப் பேசக் கூட்டம் போட்டார்கள். முந்தைய கார்த்திகையில் கண்மாய் உடைந்து கீழத்தெருவில் மூன்று பேரை வெள்ளம் இழுத்துப் போயிருந்தது. அதனால் இந்த முறை தாலுகா அதிகாரியே ஜீப்பில் வந்துவிட்டார்.

டைப் அடித்த தாளை வாசித்தார். மணல் மூட்டை, பெட்ரோமாக்ஸ் விளக்கு, வடக்கயிறு, தண்டோரா போட ஆள்.

"மடைக்காவல், சோலை."

பெண்கள் இருந்த பக்கம் முத்துலட்சுமி எழுந்தாள். சோலையின் மனைவி.

"அவுக பேர அடிங்க சார்."

"ஏம்மா? பதினஞ்சு வருஷமா கண்மாய் மடையத் தொறந்து மூடுற வேலைய அவர்தானே பாக்குறாரு?"

"பாத்தாக. இப்ப முடியல. இடி இடிச்சா ரெண்டு புள்ளைகளையும் கயித்தால தூணோட கட்டுறாக, தண்ணி கொண்டுபோயிரும்னு. வெயில் காயுதுன்னு சொன்னாலும் அவுக்க மாட்டேங்கிறாக."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த பலசரக்குக் கடை சங்கரபாண்டியன், "பேயோட்டக் கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போனியா?" என்றார்.

"போனேன். டவுன்ல ஒரு டாக்டர்கிட்டயும் போனேன். சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாரு. கடைசியா மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க இருந்த டாக்டரம்மாதான் 'அன்னைக்கு என்ன நடந்துச்சு'ன்னு கேட்டாக. வருஷம் பூராவும் அந்த ஒத்தக் கேள்விய இந்த ஊர்ல ஒருத்தரும் கேக்கல."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இது வெள்ளத்துக்கான கூட்டம்மா. வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரி இருக்கு."

அவ்வளவுதான். முத்துலட்சுமி முன்னால் வந்து நின்றாள்.

"வெள்ளத்தத்தான் சார் பேசுறேன்! மடை ஷட்டரு துருப்பிடிச்சுக் கெடக்குன்னு அவுக ரெண்டு தடவை மனு குடுத்தாக. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. கண்மாய் ஒடஞ்சதும் மட்டும் ஊரே வாசல்ல வந்து நின்னு, 'நீ தொறந்திருந்தா மூணு உசுரு பொழச்சிருக்கும்'னுச்சு. இந்த மழைக்கு அதே கரையில அவுகள ஒத்தையா நிறுத்தப் போறீகளோ? மூட்டைக்கும் கயித்துக்கும் எழுதுறீக. மழைச் சத்தம் கேட்டா மூச்சு முட்டுற மனுசனுக்கு ஒரு வரி எழுதுங்க. பக்கத்துல இருக்க ஒரு ஆளு, உக்கார ஒரு மேட்டு எடம், மழைக்கு முன்னால மதுரைக்குக் கூட்டிட்டுப் போக ஒரு வண்டி. எழுதுங்க!"

"அதுக்கு இதுல எடம் கெடையாதும்மா."

அப்போது மாரீஸ்வரி எழுந்தாள். வெள்ளத்தில் ஆறு வயது மகளைப் பறிகொடுத்தவள். அன்றிலிருந்து யாரோடும் முகம் கொடுத்துப் பேசாதவள். சோலையைச் சபிக்கப் போகிறாள் என்றுதான் கூட்டம் நினைத்தது.

"என் பேரையும் அதுல எழுதுங்க," என்றாள். "மழ பெஞ்சா நானும் தெருத்தெருவா ஓடுறேன்."

அதிகாரி சோலையின் பெயரை அடித்தார். வேறு எதுவும் எழுதவில்லை. ஜீப் போய்விட்டது.

முத்துலட்சுமி விடவில்லை. மல்லாங்கிணற்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் பஸ்ஸில் வந்துபோகும் நர்ஸ் சரஸ்வதியைப் பிடித்தாள். இருவரும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். சோலையையும் மாரீஸ்வரியையும் சேர்த்து, மழை என்றால் நடுங்குகிறவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர், கூட்டத்தில் சிரித்தவரின் அண்ணன். மழைக்கு முன்பே ஏழு பேரையும் மதுரைக்குக் கூட்டிப்போய் வந்தார்கள். மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துச் சாவியைத் தலைமையாசிரியர் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார்.

ஐப்பசி கடைசியில், சரஸ்வதி வந்திருந்த ஒரு மத்தியானம், மழை கொட்டியது. கரையில் இளவட்டங்கள் நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஏழு பேரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சோலை காதைப் பொத்தி முழங்காலுக்குள் தலையைப் புதைத்திருந்தார். சரஸ்வதி அவர் முதுகில் கையை வைத்து, "மெதுவா மூச்சு விடுங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாரீஸ்வரி நகர்ந்து நகர்ந்து அவர் எதிரே வந்தாள்.

"அண்ணே, அன்னைக்கு எம்புள்ள சத்தம் ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

சோலை தலையைத் தூக்கினார்.

"கேட்டுச்சு, தாயி."

"என்ன சொன்னா?"

"ஒன்னயத்தான் கூப்பிட்டா. அம்மா, அம்மான்னு. நான் தண்ணில குதிச்சேன் தாயி. கை எட்டல."

"குதிச்சீகளா?"

"ரெண்டு தடவை."

அதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. மாரீஸ்வரி அந்த ஒரு வருடத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். சோலையும் அழுதார். கீழே கண்மாய் தாங்கியது.

முத்துலட்சுமி வெளியே வராந்தாவுக்கு வந்து நின்றாள். நிம்மதி வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். சோலையும் மாரீஸ்வரியும் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார்கள். இதைப் பேசிக்கொள்ள அவர்களுக்கு ஒரு பாயை விரித்துப்போட, ஒரு வருடமாக இந்த ஊரில் யாருக்கும் தோன்றவில்லை.