இம்மாதிரியில் காரம் இல்லை

எங்கள் வேதியியலாளர் சங்கத்தில் பதினேழு உறுப்பினர்கள். அதில் இரண்டு பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஒருவர் உயிரோடு இல்லை. அவர் பெயரை நீக்கத் தீர்மானம் போட வேண்டும், தீர்மானம் போடப் பன்னிரண்டு பேர் வர வேண்டும், பன்னிரண்டு பேர் ஒருநாளும் வந்ததில்லை. நான் செயலாளர். மற்ற நேரத்தில் ஒரு சோப்புத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன்.

போன வருடம் தலைமைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. கிளைகள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பது போதும், இனிப் பொதுமக்களோடும் பேச வேண்டும் என்றது. நாங்கள் எங்களுக்குள்ளும் பேசிக்கொள்வதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. மாதக் கூட்டம் முடிந்ததும் 'தொடர்பு வளர்க்கும் நேரம்' என்று அரை மணி உண்டு. அப்போது பெயின்ட் கம்பெனிக்காரர் எனக்குத் தன் விசிட்டிங் கார்டைக் கொடுப்பார். நான் என்னுடையதைக் கொடுப்பேன். ஒன்பது வருடமாகக் கொடுத்துக்கொள்கிறோம். பிறகு டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம்.

கடிதத்துக்குப் பயந்து ஒரு சனிக்கிழமை பொது நூலகத்தின் கீழ்த்தளத்தில் மேசை போடுவதென்று முடிவானது. வீட்டுத் தண்ணீர், சோப்பு, தரை கழுவும் திரவம் என்று எதைக் கொண்டுவந்தாலும் அது அமிலமா காரமா என்று இலவசமாக அளந்து சொல்வோம். நோட்டீஸ் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பொய் எதற்கு, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். வேறு யாராவது எழுதினால் சொல் சுத்தமாக இருக்காது.

'உங்கள் வீட்டில் காரம் அதிகமா? கொண்டு வாருங்கள். அளந்து எழுத்தில் தருகிறோம்.'

மனைவி அதைப் படித்துவிட்டு, "இப்படிப் போட்டா மொளகாயைத்தான் தூக்கிட்டு வருவாங்க," என்றாள்.

"அமிலத்துக்கு எதிர்ப்பதம் காரம். எட்டாம் வகுப்புப் பாடம்," என்றேன்.

"எட்டாம் வகுப்பை உங்களைத் தவிர யாருங்க ஞாபகம் வச்சிருக்கா?"

மறந்துவிட்டார்கள் என்பதற்காகச் சொல்லை மாற்ற முடியாது என்று அவளிடம் சொல்லிவிட்டு இருநூறு பிரதி எடுத்தேன்.

சனிக்கிழமை நாலு பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஈ ஓட்டினோம். ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியரான எங்கள் தலைவர், பெயின்ட்காரர், குடிநீர் வாரிய ஆய்வகத்தில் வேலை செய்யும் தண்ணி மேடம், நான். பத்து மணிக்கு ஒருவர் டாக்டர் சீட்டோடு வந்து மாத்திரை பாதி விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். நாங்கள் அந்தக் கெமிஸ்ட் இல்லை என்றதும், "அப்ப எந்தக் கெமிஸ்ட்?" என்று கேட்டார். தலைவர் விளக்கத் தொடங்குவதற்குள் அவர் போய்விட்டார். பதினொன்றரைக்கு ஒரு மாணவி வந்து கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். இருவரையும் 'பயன்பெற்றோர்' பட்டியலில் எழுதிக்கொண்டோம்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வந்தார். கையில் எவர்சில்வர் டப்பா, மறு கையில் என் நோட்டீஸ். பஸ் டிப்போ கேன்டீனில் சமையல் வேலை, இறக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்றார்.

"அளந்து எழுத்துல தருவோம்னு போட்டிருக்கே. சீல் வச்சுத் தருவீங்களா?"

"கண்டிப்பா," என்றார் தலைவர். சீல் என்றால் அவருக்கு உயிர்.

அந்த அம்மாள் டப்பாவைத் திறந்தார். உள்ளே உருளைக்கிழங்குக் கறி, செக்கச்செவேலென்று. பெயின்ட்காரர் என்னைப் பார்த்தார். நான் நோட்டீஸைப் பார்த்தேன். பிறகு, அமிலம் என்றால் என்ன, காரம் என்றால் என்ன, இரண்டும் சேர்ந்தால் எப்படி உப்பும் நீரும் உண்டாகும் என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இதை அளக்க முடியாதா?"

"நாங்க சொல்ற காரம் வேற, அம்மா."

"எனக்குத் தெரிஞ்சது ஒரு காரம்தான் சார். திங்கக்கிழமை காலைல என்னை விசாரிக்கப் போறாங்க. மூணு மாசத்துல பத்தொம்பது கம்ப்ளெயின்ட். எல்லாம் காரம், காரம்னு. இன்னும் ஒண்ணு வந்தா வேலை கிடையாதுன்னு மேனேஜர் சொல்லிட்டார். நேத்து இருபதாவது வந்துடுச்சு."

"தூளைக் குறைச்சுப் போட வேண்டியதுதானே?" என்றார் பெயின்ட்காரர்.

சமையல்காரம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். நூலகத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு நாக்கு செத்துப்போச்சு சார்."

கேன்டீன் சாப்பாடு அலுத்துவிட்டது என்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

"எட்டு மாசம் முன்னாடி காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போச்சு, கூடவே எல்லாம் போச்சு. உப்பு தெரியல, புளிப்பு தெரியல, அடி பிடிச்சாக்கூட மூக்குக்குத் தெரியல. பழைய தூள் இருந்த வரைக்கும் கை அளவுலயே ஓட்டிட்டேன். இப்ப மூட்டைக்கு மூட்டை தூள் மாறுது. முன்னாடின்னா நாக்குல வச்சுப் பாத்துக் குறைச்சுப்பேன்."

தண்ணி மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "காரம் ருசியே இல்லம்மா. அது எரிச்சல், ஒரு மாதிரி வலி. ருசி போனாலும் அது தெரியணுமே."

"தெரியல மேடம்."

பையிலிருந்து ஒரு பச்சை மிளகாயை எடுத்தார். காம்பைக் கிள்ளிவிட்டு, வெள்ளரிப் பிஞ்சைத் தின்பதுபோல மென்று தின்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த பெயின்ட்காரருக்குத்தான் கண் கலங்கியது. ஒரு மனுஷி இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"டிப்போவுல யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார் தண்ணி மேடம்.

"கூட வேலை செய்யறவகிட்ட சொன்னா நாளைக்கு அவதான் சமையல்காரி."

"வீட்டுல?"

"எங்க வீட்டுக்காரர் எதைப் போட்டாலும் சாப்பிடுவார். இருபத்தெட்டு வருஷமா அப்படித்தான். அவரை வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது."

மிளகாய்க் காரத்தை அளக்கும் இயந்திரம் பெரிய ஆய்வகங்களில் இருக்கிறது. அனுப்பினால் மூன்று வாரம் ஆகும். திங்கட்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. எங்கள் தொழிலில் மாதிரியை வாயில் வைக்கக் கூடாது என்பது முதல் நாள் பாடம். தண்ணி மேடம் யாரையும் கேட்காமல் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். அடுத்த நிமிடம் இருமிக்கொண்டே, பரிசோதனைக்காக வைத்திருந்த தண்ணீர் மாதிரிகளில் இரண்டைக் குடித்துத் தீர்த்தார்.

"காரம்தான்," என்றார், மூச்சு வந்த பிறகு. "ரொம்ப."

சமையல்காரம்மா டப்பாவின் மூடியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. அமிலம் அளக்கும் கருவியைக் கறியில் விட்டேன். ஐந்து புள்ளி மூன்று. ஏழுக்குக் கீழே இருந்தால் சந்தேகமே இல்லாமல் அமிலம். சங்கத்தின் லெட்டர்பேடை எடுத்து எழுதினேன்: 'கொண்டுவரப்பட்ட மாதிரி முறைப்படி சோதிக்கப்பட்டது. மாதிரி அமிலத்தன்மை உடையது. இம்மாதிரியில் காரம் இல்லை.' கையெழுத்துப் போட்டேன். தலைவர் சீல் வைத்தார். முதல் தடவை சரியாக விழவில்லை என்று இன்னொன்றும் வைத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய அறிக்கைகளிலேயே இதுதான் மிகச் சுத்தமானது என்று தோன்றியது.

"இது சரியில்ல," என்றார் தண்ணி மேடம்.

"எந்த வார்த்தை தப்பு, சொல்லுங்க."

"ஒரு வார்த்தையும் தப்பில்ல. அதான் சரியில்ல."

சமையல்காரம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். "இது பொய்யா சார்?"

"பொய் இல்லம்மா. எங்க பாடத்துல இது உண்மை."

"சாப்பிடறவங்க உங்க பாடம் படிச்சிருக்க மாட்டாங்களே," என்றார். ஆனாலும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வேலை வேண்டுமே. போகும்போது, "திங்கக்கிழமை நீங்களும் வந்து நின்னா தெம்பா இருக்கும்," என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு டிப்போ மேனேஜரின் அறையில் நின்றோம். டீசல் நாற்றம் உள்ளே வரை வந்தது. புகார்ப் புத்தகம் சணல் கயிற்றோடு மேசைமேல் கிடந்தது. மேனேஜர் என் பேப்பரைப் படித்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், சீலை விரலால் தடவிப் பார்த்தார்.

"சங்கத்துலயே சோதிச்சுட்டீங்களா?"

"சோதிச்சது உண்மை," என்றேன்.

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வேறு சமையல்காரியைத் தேடும் தலைவலி அவருக்கு எதற்கு? "அப்ப காரம் இல்ல. புகார் எழுதினவங்களுக்குத்தான் ஏதோ கோளாறு. விஷயம் முடிஞ்சுது," என்று பேனாவைத் திறந்தார்.

"சார், அது வேற காரம்," என்றார் சமையல்காரம்மா.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இவங்க படிப்புல இருக்கற காரம் அது. நம்ம காரம் இல்ல. கறி காரம்தான் சார். எனக்கு எட்டு மாசமா ருசியே தெரியாது. பயந்துக்கிட்டு சொல்லல. வெள்ளிக்கிழமை ஒரு டிரைவர் ரெண்டு வாய் வச்சுட்டு எழுந்து போயிட்டார். நாலு மணி நேரம் வண்டி ஓட்டணும் அவர். வெறும் வயித்தோட போனார். ராத்திரி எல்லாம் அதே நெனப்பு எனக்கு."

மேனேஜர் பேனாவை மூடினார். அந்த அம்மாளைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "சார், பேப்பர்ல ஏதாவது தப்பு இருக்கா?"

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. தப்பு என்றால் அந்த அம்மாளுக்கு வேலை போய்விடும் என்று நினைத்தேன். அது ஒரு காரணம். என் கையெழுத்துப் போட்ட பேப்பரை நானே தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை என்பது இன்னொரு காரணம். எது முந்தியது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

"ஒரு வார்த்தைகூடத் தப்பில்ல," என்றேன்.

"பாத்தீங்களா? லேபே காரம் இல்லங்குது. உங்க நாக்குக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? போய் அடுப்பைப் பாருங்கம்மா, மணியாகுது." பேப்பரை ஃபைலில் போட்டுக் கட்டினார்.

வெளியே வந்ததும் அந்த அம்மாள் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவ்வளவு மடையன் நான். அவர் பஸ் கழுவும் இடத்தருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேன். உங்க சீல் அதை அமுக்கிடுச்சு. வேலை போயிருந்தா ரெண்டு நாள் அழுதுட்டு வேற பாத்திருப்பேன். இனிமே தினம் இருநூறு பேருக்குக் கண்ணைக் கட்டிக்கிட்டு சமைக்கணும். கேட்டா காரம் இல்லன்னு பேப்பர் இருக்கு. யார்கிட்ட சார் போய்ச் சொல்லுவேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

"எத்தனை மணிக்கு இறக்குவீங்க?" என்று கேட்டேன்.

"பதினொண்ணுக்கு."

தொழிற்சாலைக்குப் போன் செய்து அரை நாள் விடுப்புச் சொன்னேன். தண்ணி மேடத்தைக் கூப்பிட்டேன். நான் பேசி முடிப்பதற்குள் செவ்வாயும் வியாழனும் ருசி பார்ப்பது தன் வேலை என்றார். பெயின்ட்காரரின் கம்பெனி அடுத்த தெரு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. புதனும் வெள்ளியும் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டுப் போவதாகச் சொன்னார். தலைவர் சனிக்கிழமை வருகிறேன் என்றார், சீல் கொண்டுவர வேண்டுமா என்றும் கேட்டார்.

பதினொரு மணிக்கு சமையல்கட்டில் அண்டாவின் பக்கத்தில் நின்றேன். கூட வேலை செய்கிறவளைப் பாத்திரம் எடுக்க அனுப்பிவிட்டு, சமையல்காரம்மா ஒரு கரண்டி கறியைத் தட்டில் ஊற்றி நீட்டினார். சாப்பிட்டேன்.

"காரமா?"

"காரம்தான்."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா? நீங்க அளக்கறவர்தானே, அளந்து சொல்லுங்க."

இருபத்திரண்டு வருடமாகப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வைத்துச் சொல்லியே பழகியவன் நான். நாக்கு எரிந்தது. யோசித்தேன்.

"எங்க வீட்டுச் சின்னவ ஒரு வாய் வச்சுட்டுத் தட்டைத் தள்ளிடுவா," என்றேன். "நான் தண்ணி குடிச்சுக் குடிச்சு முழுசாச் சாப்பிட்டுடுவேன்."

"சின்னவளுக்கு என்ன வயசு?"

"ஆறு."

சமையல்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். வேகவைத்த உருளைக்கிழங்கு பன்னிரண்டை எடுத்து மசித்துப் போட்டார், ஒரு கை உப்பு போட்டார், நன்றாகக் கிளறினார். மறுபடி ஒரு கரண்டி.

"இப்ப?"

"இப்ப தள்ள மாட்டா. என்னை முறைச்சுக்கிட்டே சாப்பிட்டுடுவா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நொடி இருக்கும், அந்த ருசியை நினைவிலிருந்து மெல்வதுபோல வாய் மட்டும் மெல்ல அசைந்தது. பிறகு கரண்டியைக் கழுவி மாட்டினார். "சரி, கதவைத் திறடி," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். டிரைவர்கள் தட்டோடு வரிசையில் வந்தார்கள்.