சிவப்பு விளக்கு எரிந்த ராத்திரிகள்

வடக்கனந்தலில் ராதிகா வீட்டுச் சுவரில் அந்த சார்ஜரை மாட்டியவன் நான்தான். அது எப்படி ஓடுகிறது என்று சோதித்து எழுதிக் கொடுக்கப் போனவனும் நான்தான். கள்ளக்குறிச்சியில் எங்கள் கடை அப்படி. சமைத்தவனையே கூப்பிட்டு சாப்பாடு எப்படி என்று கேட்பார்கள்.

ராதிகா எலக்ட்ரிக் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாள். அவள் கணவன் வெற்றிவேல் கரும்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன். முப்பத்தெட்டு வயதில் இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ், போய் வருவது மனைவியின் ஆட்டோவில். சார்ஜரை ஒரு மாதம் சோதனைக்குக் கொடுத்திருந்தோம். மூன்று வாரத்தில் ஆறு தடவை, ராத்திரி மாட்டினால் காலையில் சிவப்பு விளக்கு, பேட்டரி காலி.

"வூட்டு ஒயரிங் தாங்கலன்னு எழுதிட்டு கழட்டிக்கினு வந்துடு தங்கதுரை," என்றார் முதலாளி அன்புச்செல்வன். கழற்றினால் ஆட்டோ நிற்கும். ஆட்டோ நின்றால் வெற்றிவேல் ஊசி குத்திய கையோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரவேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சனிக்கிழமை காலையில் ஸ்குரூ டிரைவரோடு போனேன்.

ராதிகா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அண்ணே, இன்னிக்கு சந்தை. ஒரு டிரிப் கூட அடிக்கல. கழட்டிடாதீங்கண்ணே, இன்னான்னு பாத்து சொல்லுங்க."

வோல்டேஜ் பார்த்தேன், 215. ஒயர் சூடில்லை. ஆட்டோவில் செருகும் பிளக்கின் பின்கள் சுத்தம். கடைசியில் சார்ஜரோடு போனை இணைத்துப் பார்த்தால், எர்த் இல்லை என்கிறது. இந்த வகை சார்ஜர் எர்த் இல்லாமல் கரண்டே விடாது. யாருக்கும் ஷாக் அடித்துவிடக் கூடாது என்று அவ்வளவு அக்கறை அதற்கு. எனக்குக் கோபம் வந்தது. நான் போட்ட எர்த் எங்கே போய்விடும்?

வீட்டுக்குப் பின்னால் வேலி ஓரம் போய் எர்த் குழியைப் பார்த்தேன். வறண்டு வெடித்துக் கிடந்தது. மீட்டரை வைத்தால் முள் போக வேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை. குழி தோண்டிய அன்று இரண்டடியில் பாறை தட்டியது. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அதோடு நிறுத்திவிட்டு, கரியும் உப்பும் பேருக்குப் போட்டு மூடினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஆடத் தெரிந்தவன், அன்றைக்கு ஆடவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

மண்ணில் ஈரம் இருந்தால்தான் எர்த் பிடிக்கும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் விளக்கு பச்சைக்கு மாறி, ஆட்டோ சார்ஜ் ஏறத் தொடங்கியது. மெயினை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். கரண்ட் வந்ததும் யாரும் தொடாமலே விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. வோல்டேஜ் குறைந்தபோது தானாகக் கம்மியாக இழுத்தது. சார்ஜர் மேலேயே தண்ணீர் தெளித்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு குறை சொல்ல முடியாத சார்ஜர்.

அப்படியானால் மற்ற நாட்களில் இந்தக் குழியை வைத்துக்கொண்டு எப்படி ஓடியது? நின்ற தேதிகளைப் பார்த்தேன். ஆறும் செவ்வாய், வெள்ளி ராத்திரிகள். குழியைச் சுற்றிச் சாம்பலும் தேங்காய் நாரும் காய்ந்த சோற்றுப் பருக்கையும் கிடந்தன.

"இங்க யாரும்மா பாத்திரம் தேய்க்கிறது?"

"இங்கயா? யாரும் இல்லண்ணே. நான் முன்னாடி கொழாயாண்டதான் தேய்ப்பேன்," என்றாள் ராதிகா, கொஞ்சம் வேகமாக.

பக்கத்து வீட்டு ராணியம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அதுவும் தப்பு என் பேரில் இருக்கும்போது கேட்கவே வேண்டாம். "சும்மா மறைக்காதம்மா! மத்த நாள்ல எப்டி ஓடுச்சின்னு எழுதலன்னா, வூடு சரியில்லன்னு கழட்டச் சொல்லுவாங்க. அப்புறம் என்னைக் கேக்காத," என்று கத்தினேன்.

ராதிகா தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே கட்டிலில் படுத்திருந்த வெற்றிவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"நான்தாண்ணே தேய்க்கிறேன்," என்றான், ராணியம்மாளுக்கும் கேட்கிற மாதிரி. "அது நாளெல்லாம் வண்டி ஓட்டிட்டு வருது. நான் சும்மா குந்திக்கினு துன்றேன். கொழாயாண்ட தேய்ச்சா ஊரே சிரிக்கும்னு, குடத்துல தண்ணி மொண்டாந்து இங்க தேய்ப்பேன். ஆஸ்பத்திரி போய்ட்டு வந்த நாள்ல எந்திரிக்க முடியாது. அன்னிக்கு மட்டும் அது முன்னாடி தேய்க்கும்."

நாளைக்கு ஒரு சொம்புக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாத மனுஷன், தனக்கே தெரியாமல் மற்ற நாளெல்லாம் என் அரைகுறைக் குழிக்குத் தண்ணீர் வார்த்திருக்கிறான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர் சிரிக்குமே என்று மூன்று வாரம் ஒளித்ததை, பெண்டாட்டியின் ஆட்டோவுக்காக அவன் ஒரு நொடியில் உடைத்துப் போட்டான். நான் ஒரு பஸ்ஸுக்காகச் செய்ததைச் சொல்ல மாட்டேன் என்று நிற்கிறேன்.

பேனாவை எடுத்து எழுதினேன். எழுதியதைச் சத்தமாகவே படித்தேன். "சார்ஜர் நன்றாக வேலை செய்கிறது. நம்பி வைக்கலாம். எர்த் குழி ஆழம் போதாது. வீட்டுக்காரர்கள் மீது தவறில்லை. குழி போட்டவன் தங்கதுரை."

"முதலாளி திட்டுவாரேண்ணே," என்றாள் ராதிகா.

"திட்டட்டும். கடப்பாரை இருக்குதா?"

அவர்களிடம் இல்லை. ராணியம்மாள் உள்ளே போய்த் தன் வீட்டுக் கடப்பாரையை வேலிக்கு மேலே நீட்டினாள். பாறையை விட்டு மூன்றடி தள்ளி, மதியம் வரை தோண்டினேன்.

கம்பியை ஆழமாக இறக்கி, கரியும் உப்பும் நிறையப் போட்டுக் குழியை மூடிவிட்டு வெற்றிவேலிடம் சொன்னேன். "இனிமே இங்க நீ தண்ணி ஊத்த வேணாம்பா. அது பாட்டுக்கு ஓடும்."

"சரிண்ணே," என்றான். காலையிலிருந்து கழுவாமல் கிடந்த குண்டானை எடுத்துக்கொண்டு, மெல்ல நடந்து, முன்பக்கம் குழாயடிக்குப் போனான்.