இல்லம் – இனிமை

என் வீட்டுக்காரர் சேர்க்கிற இசைத்தட்டுகள் எந்தக் கடையிலும் விற்றவை அல்ல. அந்தக் காலத்தில் விளம்பரமும் செய்திப்படமும் எடுப்பவர்கள் பின்னணியில் ஓட விடுவதற்கென்றே, எலெக்ட்ரானிக் கருவிகளில் வாசித்துத் தயாராக வைத்திருந்த சரக்கு. உறையில் படம் கிடையாது. எதற்கு உதவும் என்று மட்டும் எழுதியிருக்கும். 'ஆய்வகம் – பரபரப்பு'. 'கடலடி – மர்மம்'. 'இல்லம் – இனிமை'. நான் கத்தினால் மனிதர் பதில் பேசமாட்டார். எழுந்துபோய் 'லேசான பதற்றம்' போட்டுவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து என் கோபத்துக்கெல்லாம் பீப் பீப்பென்று ஒரு பின்னணி.

அன்று சாயங்காலம் எனக்கு ஒரு போன் வர வேண்டியிருந்தது. அது அவருக்கும் தெரியும். நான் எக்ஸ்ரே எடுப்பவள். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அந்தப் பிரிவுக்கே தலைமையாகக் கூப்பிட்டிருந்தார்கள். இதற்கு முன்னால் வந்த வாய்ப்புகளை, "இத்தனை ரெக்கார்டையும் எப்படி ஏத்தி இறக்குறது?" என்ற அவருடைய ஒரே கேள்வியில் கோட்டைவிட்டிருந்தேன். இத்தனைக்கும் அவருக்குப் பல் செட் செய்கிற தொழில். எந்த ஊரில்தான் ஜனங்களுக்கு வாய் இல்லை? இந்தத் தடவை நிர்வாகி கூப்பிடும்போது சரி என்று சொல்லாவிட்டால், அடுத்த ஆளைப் போட்டுவிடுவார்கள்.

போகப்போகிறேன் என்பதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் ரெக்கார்டு அறைக்குள் போனேன். போனை வெளியே சாப்பாட்டு மேசையிலேயே வைக்க வேண்டியதாயிற்று. உள்ளே கொண்டுபோனால் ஸ்பீக்கர் இரைகிறதாம். அந்த அறையின் சட்டம் அது. போன வேகத்தில் கதவை அறைந்து சாத்தினேன். பக்கத்து அலமாரி ஆடிச் சாய்ந்தது. அதிலிருந்த தட்டுகளெல்லாம் கதவடியில் வந்து குவிந்தன.

கதவு உள்பக்கம் திறப்பது. பலங்கொண்ட மட்டும் இழுத்தும் நாலு விரல் இடுக்குதான் கிடைத்தது. ஜன்னலை எப்போதோ அலமாரி வைத்து அடைத்தாயிற்று. சுற்றிலும் அலமாரிதான்; குவியலை ஒதுக்கித் தள்ள இடமில்லை. அவர் கீழே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். அப்பாடா என்றிருந்தது. பார்த்தால், ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து வரிசை எண்படி அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

போன் அடித்தது. இடுக்கு வழியே அது மேசைமேல் அதிர்ந்து நகர்வது தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்க அடித்து ஓய்ந்தது.

"நல்லவேளை," என்றார் அவர். "நாம ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லாமப் போச்சு."

சொல்லிவிட்டு எழுந்து 'இல்லம் – இனிமை' போட்டார்.

சுழன்றுகொண்டிருந்த தட்டை அப்படியே எடுத்து இடுக்கில் செருகி வெளியே தள்ளினேன். அது தரையில் சறுக்கிப்போய்ச் சுவரில் முட்டியது.

"அது உலகத்துலயே நாலு பேர்கிட்டதான் இருக்கு," என்றார்.

"அந்த நாலுல ஒரு வீட்டுலதான் நான் மாட்டிக்கிட்டிருக்கேன்."

அடுத்ததைத் தள்ளினேன். அதற்கடுத்ததை. கையைப் பிடித்தார், கெஞ்சினார். கடைசியில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். குவியல் குறையக் குறையக் கதவு நகர்ந்தது. நான் ஒல்லி. சட்டைப் பொத்தான் தெறிக்க, பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்து விழுந்தேன்.

திருப்பிக் கூப்பிட்டு, வருகிறேன் என்று சொன்னேன். நிர்வாகி சந்தோஷப்பட்டார். தனியாக வருகிறேனா, குடும்பத்தோடா, எந்த அளவில் வீடு பார்க்க வேண்டும் என்று கேட்டார். நான் அந்தக் கதவைப் பார்த்தேன்.

"தெரியல சார். அவர் இன்னும் உள்ளதான் இருக்கார்."

அவருக்குத் தொப்பை; அந்த இடுக்கு போதாது. வெளியிலிருந்து தள்ளச் சொன்னார். தள்ளினால் நகராது, உள்ளே கிடப்பதை அவர்தான் காலி செய்ய வேண்டும் என்றேன். உள்ளேயிருந்து பாட்டு வரவில்லை. அந்த வீட்டில் பின்னணியே இல்லாமல் நாங்கள் இருந்தது அன்றுதான்.

வெகுநேரம் கழித்து, ஓர் உறையின் முனை இடுக்கில் தலைநீட்டியது.

"மெதுவா புடி," என்றார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அது விழுந்தது. உள்ளே அவர் மூச்சை இழுப்பது கேட்டது. பிறகு இன்னொன்று வந்தது. இந்தத் தடவை என் கை தானாகப் போய் அதைத் தாங்கிக்கொண்டது. அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது.